வில்டபீஸ்ட்டும் அதன் உறவினங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்யாவின் மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே கூட்டம் கூட்டமாகப் பாயும் விலங்கைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அது எந்த வகையைச் சேர்ந்தது, அதன் சொந்தக்காரர்கள் யார் என்று பேச்செடுத்தால் எங்கு போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஓர் அறிவியல் பெயர் என்பது, இந்த விலங்கு யாருக்கு நெருக்கம், யாருக்குத் தூரம் என்று சொல்லும் ஒரு கூற்று. சான்று கிடைத்தால் அந்தக் கூற்றை மாற்றலாம். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெயர்க் குழப்பங்களில் பாதி தானாகவே தீரும்.

1. வில்டபீஸ்ட் மாடா, மானா, குதிரையா? மூன்றும் கலந்தது போலத்தானே இருக்கிறது?

மூன்றும் இல்லை, அது ஓர் இரலை. மானுக்குக் கிளைவிட்ட கொம்பு உண்டு. அது ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்பு உதிராது. உள்ளே எலும்புத் தண்டும் அதன்மேல் உறை போன்ற கொம்புப் பொருளும் இருக்கும். மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, இரலைகள் எல்லாமே போவிடே என்ற ஒரே குடும்பம்தான். கோடியக்கரையில் நாம் பார்க்கும் வெளிமானும் பெயரில்தான் மான், வகைப்பாட்டில் இரலை.

குதிரைக்கும் இதற்கும் எந்த நெருக்கமும் இல்லை. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, இதற்குப் பிளவுபட்ட குளம்பு.

2. சரி, ஒரே குடும்பம் என்கிறீர்கள். அப்படியானால் மாட்டுக்குத்தானே மிக நெருக்கம்? முகம் அப்படியே மாடு மாதிரி இருக்கிறதே?

இல்லை, ஆட்டுக்குத்தான் நெருக்கம். கேட்டதும் பலர் நம்ப மறுப்பது இதைத்தான். போவிடே குடும்பம் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகிறது. ஒன்றில் மாடு, எருமை, காட்டெருது, நம் நாட்டு நீலகாய், ஆப்பிரிக்காவின் கூடு, எலாண்ட் ஆகியவை வருகின்றன. மற்றெல்லாம் இன்னொரு கிளை. வெளிமானும் ஆடும் செம்மறியும் வில்டபீஸ்ட்டும் இந்த இரண்டாம் கிளையில்தான் இருக்கின்றன.

அந்தக் கிளைக்குள் வில்டபீஸ்ட் கூட்டத்துக்கு மிக நெருங்கியவை ஓரிக்ஸ், சேபிள், ரோன் ஆகிய இரலைகள். இரு கூட்டத்துக்கும் அடுத்த நெருக்கம் ஆடுகளும் செம்மறிகளும். மரபணு ஆய்வுகள் இந்த வரிசையைத் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கின்றன. மாட்டைப் போன்ற அகன்ற வாய், தரையோடு தரையாகப் புல்லை மேய்ந்து வாழும் வாழ்க்கையால் தனியே உருவானது. முகச் சாயலை வைத்து உறவு சொல்வது இங்கே பொய்த்துப்போகிறது.

3. இதன் நேரடி உறவினர்கள் என்று யாரைச் சொல்லலாம்?

அல்செலாஃபினி என்ற இனக்குழுவை. இனக்குழு என்பது வகைப்பாட்டில் குடும்பத்துக்குக் கீழே, பேரினத்துக்கு மேலே உள்ள படி; பேரினத்துக்குள் அடங்குபவை சிற்றினங்கள். சிலர் இதை அல்செலாஃபினே என்று துணைக்குடும்பமாகவே உயர்த்திவைப்பார்கள். எந்தப் படியில் வைத்தாலும் உள்ளே இருக்கும் விலங்குகள் மாறுவதில்லை. இன்று உயிரோடிருப்பவை நான்கு பேரினங்கள். வில்டபீஸ்ட்டுகள் கானோகீட்டிஸ் பேரினம். நீண்ட முகம் கொண்ட ஹார்ட்டபீஸ்ட்டுகள் அல்செலாஃபஸ். டோபி, செசபி, பான்ட்பாக், பிளெஸ்பாக் ஆகியவை டமாலிஸ்கஸ். கென்யா-சோமாலியா எல்லைப் பகுதிக்கு உரிய ஹிரோலா, பீட்ராகஸ்.

நான்கும் இன்று ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழ்கின்றன. 'இன்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். 14-ஆம் கேள்வியில் அதற்குக் காரணம் இருக்கிறது.

4. பார்த்தவுடன் இந்தக் கூட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகுக் கோட்டைப் பாருங்கள். தோள் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். முகம் நீளமாக இருக்கும். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. பல இரலைகளில் ஆணுக்கு மட்டுமே இருக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு சுரப்பி இருக்கும். எல்லை பிடிக்கும் ஆண்கள் அந்தச் சுரப்பை மண்ணிலும் புல்லிலும் தேய்த்துவிடும். வாயைத் திறந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் உயரமான மகுடம் கொண்ட கடைவாய்ப் பற்களைக் காணலாம். மணலும் சிலிக்காவும் கலந்த புல்லை ஆயுள் முழுவதும் அரைத்தாலும் தேய்ந்து தீராத பற்கள் அவை.

5. இம்பாலாவும் இதே கூட்டம் என்று பழைய புத்தகத்தில் படித்தேனே?

படித்தது உண்மைதான். முன்பு அப்படி வைத்திருந்தார்கள். மரபணுச் சான்று வந்தபின் இம்பாலா என்ற அந்த ஆப்பிரிக்க இரலை தனி இனக்குழுவுக்கு நகர்ந்துவிட்டது.

இம்பாலாவையும் அல்செலாஃபினி கூட்டத்தையும் அருகருகே வைத்துத் தொல்லுயிரியலாளர் எலிசபெத் வெர்பா செய்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. இம்பாலாவின் பரம்பரை பல லட்சம் ஆண்டுகளாகப் பெரிதாக மாறாமல், கிளைவிடாமல் வந்திருக்கிறது. அதே காலத்தில் அல்செலாஃபினி கூட்டம் புதுப்புதுச் சிற்றினங்களாகப் பிரிந்தும் அழிந்தும் வந்திருக்கிறது. இம்பாலா புல்லும் தின்னும், தழையும் தின்னும். காலநிலை மாறினாலும் சமாளித்துக்கொள்ளும். புல்வெளியையே நம்பியிருக்கும் கூட்டமோ, புல்வெளி சுருங்கும்போது துண்டுபட்டு, ஒவ்வொரு துண்டும் தனி வழியில் போகிறது. வாழ்க்கைமுறையே பிரிவின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று வெர்பா வாதிட்டார்.

6. வில்டபீஸ்ட்டில் எத்தனை வகை?

பெரும்பாலோர் ஏற்பது இரண்டு சிற்றினங்கள். நீல வில்டபீஸ்ட்டின் பெயர் கானோகீட்டிஸ் டாரினஸ். 1823-இல் பர்ச்செல் விவரித்தது. கறுப்பு வில்டபீஸ்ட் கானோகீட்டிஸ் நூ. 1780-இல் சிம்மர்மன் பெயரிட்டது. தொலைக்காட்சியில் வருவது நீலம். கறுப்பு தென்னாப்பிரிக்காவின் உயர்நிலப் புல்வெளிக்கு உரியது. லெசோத்தோவிலும் எஸ்வாத்தினியிலும் அற்றுப்போய், பிறகு மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது.

இரண்டின் தலையையும் நேருக்கு நேர் பார்த்தால் குழப்பமே வராது. நீலத்தின் கொம்பு பக்கவாட்டில் விரிந்து, சற்றுக் கீழிறங்கி, நுனியில் மேல்நோக்கி உள்வளையும். கறுப்பின் கொம்பு நெற்றியிலிருந்து முன்பக்கமாகக் கீழிறங்கி, பிறகு கொக்கி போல் செங்குத்தாக எழும். கறுப்பின் மூக்குமேல் தூரிகை போல ஒரு மயிர்க்கற்றை நிமிர்ந்து நிற்கும். பிடரிமயிரும் வெட்டிவிட்டது போல நிமிர்ந்தே இருக்கும். நீலத்தின் பிடரிமயிர் தொங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வால் போதும்: கறுப்பின் வால் வெள்ளை, நீலத்தின் வால் கறுப்பு.

7. நீல வில்டபீஸ்ட்டுக்குள்ளும் பிரிவுகள் உண்டா? செரெங்கெட்டியில் இருப்பது எது?

ஐந்து துணைச் சிற்றினங்களைச் சொல்வது வழக்கம். தெற்கே உள்ளது டாரினஸ். சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் மட்டும் இருப்பது குக்சோனி. மொசாம்பிக்கிலும் தென்கிழக்குத் தான்சானியாவிலும் இருப்பது ஜான்ஸ்டோனி. கிழக்காப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் கிழக்கே வெண்தாடி வில்டபீஸ்ட்டான அல்போஜுபாட்டஸ், மேற்கே மியர்ன்சி.

தான்சானியா-கென்யா எல்லையை ஒட்டிய செரெங்கெட்டி-மாராவில் ஆண்டுதோறும் வலசைபோகும் ஏறத்தாழ 13 லட்சம் விலங்குகளும் மியர்ன்சிதான். எண்ணிக்கையில் பெரியதாக இருந்தாலும், வகைப்பாட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. செரெங்கெட்டி நன்றாக இருக்கிறது, அதனால் வில்டபீஸ்ட்டுக்குக் கவலையில்லை என்று சொல்பவர்கள் மற்ற நான்கை மறந்துவிடுகிறார்கள். கென்யாவின் ஆத்தி-கபிட்டி சமவெளியில் வேலிகளும் குடியிருப்புகளும் வந்தபின் கிழக்கு வெண்தாடிக் கூட்டத்தின் வலசைப் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 2024-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வொன்று, வலசை தடைப்பட்ட கூட்டங்களில் மரபணுப் பன்மை குறைந்திருப்பதைக் காட்டியது.

8. ஆனால் சில இணையதளங்களில் வில்டபீஸ்ட்டில் ஐந்து சிற்றினம் என்று போட்டிருக்கிறார்களே? யார் சொல்வது சரி?

2011-இல் விலங்கியலாளர்கள் காலின் குரோவ்ஸ், பீட்டர் கிரப் இருவரும் குளம்பு விலங்குகளின் வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்தார்கள். நிலையான ஒரு வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறியக்கூடிய எந்தக் கூட்டமும் தனிச் சிற்றினம் என்பது அவர்களின் அளவுகோல். அதன்படி போவிடே குடும்பத்தின் சிற்றினங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. 7-ஆம் பதிலில் உள்ள துணைச் சிற்றினங்கள் சிலவும் அப்படித்தான் சிற்றினங்களாக உயர்ந்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பின்பற்றவில்லை. அதன் சிவப்புப் பட்டியலில் இரண்டு சிற்றினங்களே இருக்கின்றன.

எனக்கு இரண்டு என்பதே சரியாகப் படுகிறது. வெண்தாடிக்கும் தெற்கத்திய வகைக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது, ஆனால் நீலத்துக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி வேறு அளவிலானது. இரண்டையும் ஒரே படியில் வைத்தால் அந்த வித்தியாசம் பெயரிலிருந்து மறைந்துபோகும். அதே சமயம், துணைச் சிற்றினம்தானே என்று லுவாங்வா கூட்டத்தை அலட்சியப்படுத்துவதையும் நான் ஏற்கமாட்டேன்.

9. ஆப்பிரிக்காவின் 'நீல இரலை' அழிந்துவிட்டது என்று படித்தேன். அது நீல வில்டபீஸ்ட்டா? நம் நீலகாயும் அதுவும் ஒன்றா?

மூன்றும் வெவ்வேறு. அழிந்தது புளூபக், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வாழ்ந்து 1800-ஐ ஒட்டி வேட்டையில் முடிந்துபோனது. அது ரோன், சேபிள் கூட்டம். நீல வில்டபீஸ்ட் உயிரோடிருக்கும் அல்செலாஃபினி. நீலகாய் 2-ஆம் பதிலில் சொன்னபடி மாட்டுக் கிளை.

10. நீலமும் கறுப்பும் இணைசேர்ந்தால் குட்டி பிறக்கும் என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் ஒரே சிற்றினம்தானே?

பிறக்கும். பிறக்கும் கலப்பினமும் மலடாக இருப்பதில்லை. இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 58-தான். பள்ளிப் பாடத்தில் படித்த 'இணைசேர்ந்து வளமான குட்டி ஈன்றால் ஒரே சிற்றினம்' என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் இங்கே சிக்கல்தான். ஆனால் இயற்கையில் இவை பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தன. கறுப்பு திறந்த உயர்நிலப் புல்வெளியிலும், நீலம் மரங்கள் கலந்த சவன்னாவிலும் இருந்தன. உடலமைப்பிலும் நடத்தையிலும் ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகள் தனி வழி நடந்தவை இவை.

கலப்பை உண்டாக்கியது வேலி. கறுப்பு வில்டபீஸ்ட் வேட்டையால் சில நூறாகக் குறைந்து, தென்னாப்பிரிக்கப் பண்ணையாளர்கள் சிலர் காத்ததால் பிழைத்தது. பிறகு எண்ணிக்கை பெருகியபோது, வேட்டைப் பண்ணைகளில் இரண்டையும் ஒரே அடைப்புக்குள் விட்டார்கள். கலப்பினங்களின் மண்டையோட்டைப் பார்த்தவர்கள், பற்கள் தாறுமாறாக முளைத்திருப்பதையும் எலும்பு மூட்டுக் கோடுகளில் வழக்கத்துக்கு மாறான துண்டுகள் இருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு சிற்றினத்தைத் துப்பாக்கியிலிருந்து காப்பாற்றிவிட்டுக் கலப்பில் கரையவிடுவது மிகுந்த வருத்தம் தரும் செயல். பான்ட்பாக், பிளெஸ்பாக் இரண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. பான்ட்பாக் தேசியப் பூங்கா 1931-இல் தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தவை 17 விலங்குகள் மட்டுமே.

11. பான்ட்பாக்கின் அறிவியல் பெயர் ஒரு புத்தகத்தில் டமாலிஸ்கஸ் டார்காஸ், இன்னொன்றில் டமாலிஸ்கஸ் பைகார்கஸ். எது சரி?

இன்று ஏற்கப்படுவது பைகார்கஸ். பழைய புத்தகங்களில் டார்காஸ் என்று இருக்கும். விலங்கு ஒன்றுதான்.

12. ஹார்ட்டபீஸ்ட் ஒன்றா, எட்டா?

ஒரு சிற்றினம், எட்டுத் துணைச் சிற்றினங்கள் என்பது பரவலான கணக்கு. கோக், லெல்வெல், டோரா, ஸ்வெய்ன், மேற்கத்தியது, சிவப்பு, லிக்டென்ஸ்டைன், அழிந்துபோன புபல் ஆகியவை அந்த எட்டு. இவற்றை முக்கியமாகக் கொம்பின் வடிவத்தை வைத்துப் பிரித்தார்கள். ஹார்ட்டபீஸ்ட்டின் கொம்பு நேராக நெற்றியில் முளைப்பதில்லை. மண்டையோடு மேல்நோக்கி ஓர் எலும்புக் கம்பமாக நீண்டு, அதன் உச்சியில்தான் கொம்பு தொடங்கும். அந்தக் கம்பத்தின் உயரமும் கொம்பின் மடிப்பும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

லிக்டென்ஸ்டைனின் கதை சுவையானது. அதன் நெற்றிக் கம்பம் குட்டையாகவும் அகலமாகவும் இருந்ததால் 1979-இல் வெர்பா அதை சிக்மோசெரஸ் என்ற தனிப் பேரினத்துக்கே கொண்டுபோனார். பிறகு வந்த மரபணு ஆய்வுகள் அதைத் தெற்கத்திய சிவப்பு ஹார்ட்டபீஸ்ட்டின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தன. இப்போது அது மீண்டும் அல்செலாஃபஸ். இன்னொரு பக்கம், எத்தியோப்பியாவின் 'நியூமன் ஹார்ட்டபீஸ்ட்' ஒரு காலத்தில் தனிப் பெயர் பெற்றிருந்தாலும், அது லெல்வெல்லும் ஸ்வெய்னும் கலந்த கூட்டமாகவே இன்று கருதப்படுகிறது.

புபல் ஹார்ட்டபீஸ்ட் மட்டும்தான் சஹாராவுக்கு வடக்கே வாழ்ந்தது. மொராக்கோ முதல் எகிப்து வரை பரவியிருந்த அதன் கடைசி அடைப்பு விலங்கு, ஒரு பெண், 1923-இல் பாரிஸ் விலங்குக்காட்சியகத்தில் இறந்தது.

13. ஹிரோலாவை ஏன் தனிப் பேரினமாக வைத்தார்கள்? டோபி மாதிரித்தானே இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கூட்டத்தில் என் மனத்துக்கு மிக நெருங்கிய விலங்கு இது. மணல் நிற உடல். முகத்தில் இரு கண்களையும் இணைத்து நெற்றியில் வளைந்து செல்லும் மெல்லிய வெள்ளைக் கோடு, மூக்குக்கண்ணாடி மாட்டியது போலத் தெரியும். கண்ணுக்குக் கீழே சுரப்பி பெரிதாகவும் கருமையாகவும் இருப்பதால் நான்கு கண் உள்ள விலங்கு என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. வால் வெள்ளை.

1889-இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் அதை முதலில் வாட்டர்பக் என்ற இரலையின் பேரினத்தில் வைத்தார். பிறகு டோபியுடன் டமாலிஸ்கஸுக்குப் போனது. தனியே பீட்ராகஸ் என்ற பெயரை 1912-இல் எட்மண்ட் ஹெல்லர் கொடுத்தும், பல பத்தாண்டுகள் பலரும் டமாலிஸ்கஸ் என்றே எழுதிவந்தார்கள். குரோமோசோமை எண்ணியது ஒரு திருப்பம். டோபிக்கு 36, பிளெஸ்பாக்குக்கு 38, ஹிரோலாவுக்கு 44. பழம் சான்றும் அதற்குத் துணைநிற்கிறது. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் கிடைத்த பீட்ராகஸ் ஆன்டிகுவஸ் என்ற பெரிய உடல்கொண்ட அழிந்த விலங்கின் கொம்பு, இன்றைய ஹிரோலாவின் வழியில் இருக்கிறது. ஆக இது டோபியின் ஒரு வகை என்ற கருத்து போய், தனக்கென நீண்ட வரலாறு கொண்ட ஒரு வம்சத்தின் கடைசி வாரிசு என்றாகிவிட்டது.

1970-களில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த ஹிரோலா, 1980-களின் மாட்டுக் கொள்ளைநோயிலும் வறட்சியிலும் சரிந்து, இன்று ஐந்நூறுக்கும் குறைவு. கென்யாவின் இஷாக்பினியில் சோமாலி மேய்ச்சல் சமூகத்தார் தங்கள் நிலத்திலேயே 2012-இல் வேலியிட்ட காப்பிடம் அமைத்தார்கள். இது போனால் போவது ஒரு சிற்றினம் மட்டுமல்ல, ஒரு பேரினம் முழுவதும். டமாலிஸ்கஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தால் இந்த இழப்பின் அளவு யாருக்கும் தெரிந்திருக்காது.

14. அழிந்துபோனவை நிறைய என்கிறீர்கள். இந்தியாவில் எப்போதாவது இந்தக் கூட்டம் இருந்ததா?

இருந்தது! இமயமலை அடிவாரச் சிவாலிக் மலைப் படிவுகளில் டமாலாப்ஸ் பேலியிண்டிகஸ் என்ற அல்செலாஃபினியின் மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஹியூ ஃபால்கனர் அதற்குச் சிற்றினப் பெயர் கொடுத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய கை பில்கிரிம் 1939-இல் பேரினப் பெயர் கொடுத்தார். இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு சிவாலிக் புல்வெளிகளில் ஹார்ட்டபீஸ்ட்டின் உறவினம் மேய்ந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் பட்டியல் மிகப் பெரிது. தென்னாப்பிரிக்காவின் லாங்கபான்வெக்கில் சுமார் ஐம்பது லட்சம் ஆண்டுப் பழமையான டமாலக்ரா, இந்தக் கூட்டத்தின் மிகப் பழைய முகங்களில் ஒன்று. ஓல்டுவாயில் பார்முலாரியஸ் ஏராளம். ராட்சத உடல் கொண்டது மெகலோட்ராகஸ். தெற்கே வாழ்ந்த மெ. பிரிஸ்கஸை ராபர்ட் புரூம் 1909-இல் விவரித்தார். கிழக்கே வாழ்ந்த மெ. கட்வின்கெலி, 1911-இல் ஓல்டுவாய்க்குச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் கட்வின்கெலின் பெயரைத் தாங்குகிறது.

15. டைனோசர் மூக்கு கொண்ட வில்டபீஸ்ட் என்று ஒரு செய்தி வந்ததே, அது உண்மையா?

உண்மைதான், ஆனால் அது வில்டபீஸ்ட் அல்ல. ருசிங்கோரிக்ஸ் அடோபோக்ரானியன் என்ற தனிப் பேரினம். விக்டோரியா ஏரியின் ருசிங்கா தீவில், ஒரே மேட்டில் இருபதுக்கும் மேற்பட்ட விலங்குகளின் எலும்புகள் கல் ஆயுதங்களோடு கிடைத்தன. நெற்றியிலிருந்து மூக்கு வரை மண்டையோடு ஒரு குவிமாடமாக எழும்பி, உள்ளே வெற்றிடமாக இருக்கிறது. மூச்சுப் பாதை அதற்குள் வளைந்து செல்கிறது. கொண்டை வைத்த ஹாட்ரோசர் டைனோசர்களில் மட்டுமே இத்தகைய அமைப்பு தெரிந்திருந்தது. மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் செய்து ஆராய்ந்த ஹேலி ஓ'பிரையன் குழு, தாழ்ந்த ஒலியைத் தொலைவுக்கு அனுப்ப இது உதவியிருக்கலாம் என்று 2016-இல் எழுதியது. குட்டிகளில் குவிமாடம் முழுதாக வளரவில்லை.

1984-இல் பெயரிடப்பட்ட இதைச் சிலர் மெகலோட்ராகஸுக்குள் சேர்க்கப் பார்த்தார்கள். நல்ல மண்டையோடுகள் கிடைத்தபின் தனிப் பேரினம் என்பது வலுப்பெற்றது.

16. ஒரு கொம்புத் துண்டை வைத்துக்கொண்டு புதுச் சிற்றினம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். இந்தக் கூட்டத்தின் பற்கள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருப்பதால், பற்களை மட்டும் கொண்டு பேரினம் சொல்வதே கடினம். அதனால் கொம்பின் எலும்புத் தண்டுதான் முக்கியச் சான்று: எங்கே முளைக்கிறது, எந்தப் பக்கம் முறுக்குகிறது, குறுக்குவெட்டு வட்டமா தட்டையா, அடியில் புடைப்பு உண்டா என்று பார்ப்பார்கள். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும், குட்டிக்கும் முதிர்ந்ததற்கும் கொம்பு மாறும். 12-ஆம் பதிலில் லிக்டென்ஸ்டைனுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். உயிரோடிருக்கும் விலங்குக்கு மரபணு வந்து திருத்தம் சொன்னது. பத்து லட்சம் ஆண்டுப் பழைய ஆப்பிரிக்க எலும்புக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை.

17. கறுப்பு வில்டபீஸ்ட் நீலத்திலிருந்து வந்தது என்றால், நீலம் எப்படி இன்னும் இருக்கிறது?

இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. அது தோற்றத்தில் இன்றைய நீலத்தை ஒத்திருந்தது என்று சொல்வதே சரி. ஒரு பகுதிக் கூட்டம் மட்டும் தென்னாப்பிரிக்காவின் மரமற்ற உயர்நிலத்தில் தங்கி மாறியது. எஞ்சியவை மற்ற இடங்களில் பழைய சாயலிலேயே தொடர்ந்தன.

ஃபிரீ ஸ்டேட் மாகாணத்தின் கார்னீலியா பகுதியில் கிடைத்த ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகள் கறுப்பு வில்டபீஸ்ட்டின் மிகத் தொடக்க நிலையைக் காட்டுகின்றன. புளூம்ஃபொன்டைனில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரிங்க் இவற்றை நுணுகி ஆராய்ந்தார். திறந்த வெளியில் ஆண் தன் எல்லையைக் கண்பார்வையிலேயே காக்க முடிகிறது. அந்த எல்லைச் சண்டைக்கேற்பக் கொம்பு முன்னோக்கி நகர்ந்தது என்பது அவர் விளக்கம். அடுத்தடுத்த காலத்து எலும்புகளை வரிசையாக வைத்தால் உடல் சிறுத்து, கொம்பின் அடி படிப்படியாக முன்னுக்கு வருவதைக் காணலாம். 6-ஆம் பதிலில் சொன்ன கொக்கிக் கொம்பு அந்த வரிசையின் இன்றைய முனை.